ஐந்தாவது சீட்

கெர்போ ரோடு
சிங்கப்பூர்
21 ஜனவரி 2024

அன்புள்ள சாமு,

நான் கடைசியாகக் கையால் கடிதம் எழுதியது நேஷனல் சர்வீஸில் தைவானுக்குப் பயிற்சிக்குப் போனபோது. அதுவும் உனக்குத்தான். எனக்கு முறுக்கு எடுத்து வைக்கச் சொல்லி எழுதினேன். நான் திரும்பி வருவதற்குள் டின்னைக் காலி செய்துவிட்டாய்.

இப்போது வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். பத்து நாளாக என் மெசேஜுக்கெல்லாம் ஒற்றை டிக்தான் விழுகிறது. நீ என்னை பிளாக் செய்துவிட்டாய் என்று புரியவே எனக்கு மூன்று நாளாயிற்று. முதலில் உன் ஃபோன் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன், பார்.

பொங்கலன்று கரும்போடு தெம்பனிஸ் வந்தேன். மாப்பிள்ளை கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "தூங்கறா மச்சான், அப்புறம் வாங்க" என்றார். அகிலனுக்குப் பொய் சொல்ல வராது, கழுத்தைச் சொறிவார். உள்ளே டிவி சேனல் மாறிக்கொண்டே இருந்தது. தூங்குகிறவள் சேனல் மாற்றுவாளா? கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு லிஃப்டுக்குப் போனேன்.

நான் என்ன தப்பு செய்தேன் பாப்பா? ஆகஸ்டில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து ஒரு நாள் தவறாமல் வந்தேன். முதுகெலும்புக்குள் அடிப்பக்கம் கட்டி என்றார்கள். எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை என்றார்கள். ஆனால் அது அழுத்தி வைத்திருந்த நரம்பு திரும்பவில்லை. ஆபரேஷன் முடிந்து டாக்டர் உன்னைக் கால் விரலை அசைக்கச் சொன்னபோது நீ விரலைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தாய். அது அசையவில்லை என்பதை என் முகத்தில்தான் தெரிந்துகொண்டாய். அப்போதுகூட என்னைத்தானே பார்த்தாய். இப்போது ஏன் பார்க்க மாட்டேன் என்கிறாய்?

உன் சைக்கிள் என் சைக்கிள் கடையில்தான் இருக்கிறது. வாரம் ஒரு முறை துடைத்து வைக்கிறேன். விற்கச் சொன்னால் விற்க மாட்டேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் அண்ணன்,
கபிலன்


தெம்பனிஸ்
30 ஜனவரி 2024

அண்ணா,

கரும்பு இனித்தது என்று அகிலன் சொன்னார்.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பார்த்ததும் உனக்கே தெரியும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் தர்ஷினி என்று ஒருத்தி இருந்தாளே, அவள் பொங்கலுக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தாள். உன் கடையில் சீட் மாற்றினாளாம். "உங்க அண்ணன் செம நுணுக்கமா செய்றாருக்கா, ஒரு ஃபார்ம் குடுத்தாரு, எங்க வலிக்குது, எங்க மரத்துப்போகுதுன்னு படத்துல ஷேட் பண்ணச் சொன்னாரு" என்று பெருமையாகக் காட்டினாள். அவள் கையிலிருந்து வாங்கிப் படித்தேன். கடைசி வரியையும் படித்தேன்.

"சைக்கிளை விட்டு இறங்கி அரை மணி நேரத்துக்குப் பிறகும் மரத்திருந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ சீட் மாற்ற வேண்டாம். உடனே டாக்டரைப் பாருங்கள்."

அடியில் சின்ன எழுத்தில் 2019 என்று போட்டிருக்கிறது.

போன வருஷம் மார்ச்சிலிருந்து ஜூலை வரைக்கும் மரத்துப்போகிறது, மரத்துப்போகிறது என்று ஐந்து தடவை உன் கடைக்கு வந்தேன். ஐந்து சீட் மாற்றினாய். இந்தத் தாள் ஒரு தடவைகூட என் கைக்கு வரவில்லை. நேற்று வந்த தர்ஷினிக்குக் கொடுத்தாய். தெருவில் போகிற யார் வந்தாலும் கொடுக்கிறாய். எனக்கு ஏன் கொடுக்கவில்லை?

நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் நடந்திருப்பேன் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு நீ சுவரில் முட்டிக்கொண்டு அழுதாய். "உனக்கு எப்படிண்ணே தெரியும்" என்று நான்தான் உன்னைத் தேற்றினேன். அந்த நேரத்தில் இந்தத் தாள் உன் மேஜை டிராயரில் இருந்திருக்கிறது.

ஃபோன் பண்ணாதே. ஃபோனில் நீ அழுவாய், நான் மறுபடியும் தேற்ற வேண்டியிருக்கும். வரவும் வேண்டாம். எழுது. இன்னொன்று, என்னைப் பாப்பா என்று கூப்பிடாதே.

சாமுண்டீஸ்வரி


கெர்போ ரோடு
4 பிப்ரவரி 2024

சாமு,

மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அந்தத் தாள் டிராயரில் இல்லை. மேஜை மேலேயே இருந்தது. நீ முதல் தடவை வந்த அன்றைக்கு என் கைக்கு அடியில்தான் இருந்தது. நீ ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "அண்ணே, ரொம்ப நேரம் ஓட்டுனா மரத்துப்போகுதுண்ணே" என்றாய். "எங்க?" என்று கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அதான், உட்கார்ற எடத்துல லா" என்றாய். "சரி சரி, பார்த்துக்கலாம்" என்றேன். தாளை எடுத்துக் கொடுக்கத்தான் கை போனது. அந்தப் படம் உனக்குத் தெரியும் இல்லையா, இப்போது பார்த்துவிட்டாய். உட்கார்ந்திருக்கும் ஒரு உடம்பைக் கீழேயிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி வரைந்த படம். தினம் நாலு பேருக்குக் கொடுக்கிறேன். ஆண், பெண், வெள்ளைக்காரர், சீனர், நம் ஆட்கள், யாருக்குக் கொடுக்கும்போதும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை, உடம்பு உடம்புதான். உனக்குக் கொடுக்கக் கூசியது. படத்தை நீ பென்சிலால் தீட்டி என்னிடம் நீட்டுவாய், நான் அதைப் பார்த்துக்கொண்டு உன்னிடம் பேச வேண்டும். என்னால் முடியாது என்று தோன்றியது. தாளைக் கவிழ்த்துப்போட்டேன்.

அட்டையில் உட்காரச் சொன்னேனே, அதுகூட ஞாபகம் இருக்கும். அட்டைப்பெட்டியைக் கிழித்து ஸ்டூலில் போட்டு, "உட்கார்ந்து எழுந்திரி" என்று சொல்லிவிட்டு நான் வெளியே பூக்கடைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். "முடிஞ்சுதுண்ணே" என்று நீ குரல் கொடுத்த பிறகுதான் உள்ளே வந்தேன். அட்டையில் உட்காரும்போது ஊன்றும் இரண்டு எலும்பும் இரண்டு குழி போட்டிருந்தன. பதின்மூன்று சென்டிமீட்டர் இடைவெளி. அதை அளந்து அகலம் பார்த்துச் சீட் எடுத்தேன். அளவில் தப்பு இல்லை, சாமு. சத்தியமாக அளவில் தப்பு இல்லை. மெத்தென்று இருக்கும் ஜெல் சீட் வேண்டாம், அதில் எலும்பு அமிழ்ந்து நடுவில் இருக்கும் நரம்பை நசுக்கும், கொஞ்சம் கெட்டியாக இருப்பதுதான் நல்லது என்று உனக்கு வகுப்பே எடுத்தேன். பிறகு நடுவில் பள்ளம் வைத்த சீட். பிறகு முன்பக்க மூக்கு குட்டையாக இருக்கும் சீட். இறங்கிய பிறகு எவ்வளவு நேரம் மரத்திருக்கிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் எங்கே, எப்படி என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

கடைசி வரி நானாக எழுதியது இல்லை. டாக்டராக வேலை பார்க்கும் ஒரு கஸ்டமர் சொல்லிச் சேர்த்தது. அதனால் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

இன்னும் ஒன்று. ஆகஸ்டில் எமர்ஜென்சியில் டாக்டர் உன்னிடம், எப்போதிலிருந்து மரத்திருக்கிறது என்று கேட்டார். நான் திரைக்கு வெளியே நின்றேன். நீ "மார்ச்" என்றாய். அன்றைக்கே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் ஐந்து மாதம் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கபிலன்


தெம்பனிஸ்
18 பிப்ரவரி 2024

அண்ணா,

கூசியது. நல்ல சொல்.

இப்போது என் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று உனக்குச் சொல்கிறேன், கூசாமல் படி. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் வைத்துச் சிறுநீர் எடுக்கிறேன். முதல் மாதம் நர்ஸ் எடுத்தார், பிறகு அகிலன் எடுத்தார், இப்போது நானே கண்ணாடி வைத்துக்கொண்டு எடுக்கப் பழகிவிட்டேன். காலையில் மலம் எடுப்பதற்கு நாற்பது நிமிடம். அகிலன் கையுறை போட்டுக்கொள்வார். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர் முன்னால் நான் ஏப்பம் விட்டதுகூடக் கிடையாது. கூச்சப்பட என்னிடம் இப்போது ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், உன் கூச்சம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

மரத்துப்போகிறது என்று அகிலனிடமும் நான் அப்போதே சொல்லியிருந்தேன். "உங்க அண்ணன் கடை இருக்குல, அவர் பார்த்துக்குவாரு" என்றார். அவருக்கும் இப்போது ராத்தூக்கம் இல்லை. எல்லாருமே உன்னை நம்பினோம். வேலையில் நீ கெட்டிக்காரன். ஊரே சொல்கிறது.

நீ தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். தெரிந்தும் ஆரஞ்சு உரித்தாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாமுண்டீஸ்வரி


கெர்போ ரோடு
25 பிப்ரவரி 2024

சாமுண்டீஸ்வரிக்கு,

சீட் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பஞ்சர், செயின், பிரேக் மட்டும்தான். சீட் என்று யாராவது வந்தால் வேறு கடைக்கு அனுப்புகிறேன். ஃபார்ம் கட்டை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். நான் இனி ஒருவர் உடம்பைப் பார்த்து எதுவும் சொல்லக்கூடாது.

சுவரில் மாட்டியிருக்கும் உன் படத்தை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. ஐந்தாவது சீட் போட்ட அன்றைக்கு எடுத்தது. சாங்கி வில்லேஜ் வரைக்கும் போய்விட்டு வந்து, "இப்ப எப்படி இருக்கு பாப்பா?" என்று கேட்டதற்கு, "சூப்பர்ணே, ஒண்ணுமே தெரியல" என்று சொல்லிச் சிரித்தாயே, அந்தப் படம். அன்றைக்கு உன்னை அழைத்துக்கொண்டு போய் ஆப்பம் வாங்கிக் கொடுத்தேன். மூன்று ஆப்பம் சாப்பிட்டாய். வருகிற கஸ்டமரிடமெல்லாம், "என் தங்கச்சிக்கே இந்த சீட்டுதான் போட்டேன், நாலு மாத்தி அஞ்சாவதுல செட்டாச்சு" என்று அந்தப் படத்தைக் காட்டிச் சொல்வேன். எத்தனை பேர் அதைப் பார்த்து வாங்கிப் போயிருக்கிறார்கள்.

எல்லாம் தப்பாகிப் போனது, சரி. அந்த ஒரு சீட்டாவது உனக்குச் சுகமாக இருந்ததே என்று நினைத்துக்கொள்கிறேன். எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன்.

கபிலன்


தெம்பனிஸ்
17 மார்ச் 2024

அண்ணா,

குப்புறப் படுத்து எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போகும், பொறுத்துக்கொள்.

எனக்குப் படுக்கைப்புண் வந்துவிட்டது. பேர்தான் படுக்கைப்புண், உட்கார்ந்து வந்தது. இடது பக்கம் எலும்பு ஊன்றும் இடத்தில், ஐம்பது காசு அகலத்துக்கு. எனக்கு வலிக்கவே இல்லை. அகிலன்தான் கழுவிவிடும்போது பார்த்துவிட்டு, "சாமு, இது என்ன?" என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். இப்போது வீட்டில் ஆறு வாரம் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் முனீரா, "அக்கா, வீல்சேர் குஷன் உங்களுக்குச் சரியில்லை. புண் ஆறினாலும் இதே குஷன்ல உட்கார்ந்தா திரும்பவும் வரும், அடுத்த தடவை எலும்பு வரைக்கும் போயிடும்" என்றார். அப்படிப் போனால் ஆளே போய்விடலாம் என்பதை அவர் சொல்லவில்லை, நான் கூகிளில் பார்த்துக்கொண்டேன்.

மூன்று குஷன் கொண்டுவந்து காட்டினார். "எது சௌகரியமா இருக்குன்னு சொல்லுங்க" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பாவம், பழக்கத்தில் கேட்டுவிட்டு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்போது உன் கடிதம் ஞாபகம் வந்தது. அந்த ஐந்தாவது சீட்.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன்னிடம் கோபம் இருக்கிற வரைக்கும் சொல்லாமல் இருப்பதே எனக்குச் சௌகரியம். ஆனால் நீ அதைச் சுகமாக இருந்த சீட் என்று நினைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் படம் காட்டிக்கொண்டிருக்கிறாய். அந்தச் சீட் நன்றாக இல்லை, அண்ணா. மோசமாகவும் இல்லை. அது எப்படி இருந்தது என்றே எனக்குத் தெரியாது. ஜூலையில் எனக்கு அந்த இடத்தில் எதுவுமே தெரியவில்லை. முதல் நான்கு சீட்டில் எரியும், மரக்கும், ஊசி குத்தும். ஐந்தாவதில் ஒன்றும் இல்லை. சாங்கி வில்லேஜ் போய் வரும் வரைக்கும் காற்றில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. "ஒண்ணுமே தெரியல" என்று நான் சொன்னது உண்மை. அது நல்ல சேதி என்று நீயும் நினைத்தாய், முதலில் நானும் நினைத்தேன்.

ஆனால் அன்றைக்கு ஆப்பக்கடைக் கழிவறையில் உட்கார்ந்து எழுந்தபோது, போனேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. துடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது பயந்தேன். வெளியே வந்து உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். நீ எனக்கு இன்னொரு ஆப்பம் சொல்லிவிட்டு, பக்கத்து மேஜையில் இருந்த சீன அங்கிளிடம் ஃபோனில் என் ஃபோட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தாய். உன்னை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லால் சொல்வது என்றும் தெரியவில்லை. மூன்றாவது ஆப்பத்தையும் தின்றேன். அதற்கப்புறம் நான்கு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. கால் விழுந்த பிறகுதான் சொன்னேன்.

கூசியது எனக்கும்தான். உன்னை மட்டும் திட்டிக்கொண்டிருந்தேன்.

சீட் பார்ப்பதை நிறுத்திவிட்டாயாம். ரொம்ப நல்ல காரியம். எனக்கு அண்ணனாக இருக்கும்போது வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை, அடுத்தவருக்கும் செய்ய மாட்டேன் என்கிறாய். பரணில் போட்ட ஃபார்ம் கட்டை எடு. ஒரு தாளைக் கிழித்து எனக்கு அனுப்பு. அண்ணன் தங்கை எல்லாம் கிடையாது. புதுக் கஸ்டமர் வந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்.

சாமுண்டீஸ்வரி


கெர்போ ரோடு
20 மார்ச் 2024

வணக்கம் திருமதி சாமுண்டீஸ்வரி,

தாள் இதோடு வருகிறது. பென்சிலும் வைத்திருக்கிறேன். வலிக்கும் இடத்தில் பெருக்கல் குறி போடுங்கள், உணர்வில்லாத இடத்தைத் தீட்டுங்கள். அவசரம் வேண்டாம். கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும், ஒன்றையும் விடக்கூடாது. புரியாத கேள்வி இருந்தால் அப்படியே விட்டுவிடாமல் கேளுங்கள். நானும் கேட்பேன்.

அட்டையில் உட்கார வேண்டாம். புண் ஆறும் வரைக்கும் எதிலும் உட்கார வேண்டாம். இதுவரை நீங்கள் உட்கார்ந்த பழைய குஷனை உறையோடு அப்படியே அனுப்பிவையுங்கள். கழுவ வேண்டாம், தட்ட வேண்டாம். உட்கார்ந்தவரின் உடம்பு எப்படி ஊன்றியது என்பது அதில் இருக்கும்.

நான் என்ன சொன்னாலும் தெரபிஸ்ட் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் செய்ய வேண்டும். இதை நான் எல்லாக் கஸ்டமரிடமும் சொல்கிறேன், இன்றிலிருந்து.

படத்தைக் கழற்றிவிட்டேன். கழற்றிய இடத்தில் சுவர் வேறு நிறமாக இருக்கிறது.

இதற்கு மேல் இப்படி எழுத முடியவில்லை, சாமு. கண்ணை மறைக்கிறது. ஆப்பக்கடையில் நீ வெளியே வந்து நின்றதை நான் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. சைக்கிள் ஓட்டிய களைப்பு என்று நினைத்து, இன்னொரு ஆப்பம் சொன்னேன்.

கபிலன்


தெம்பனிஸ்
7 ஏப்ரல் 2024

கடைக்காரருக்கு,

குஷனை அகிலன் கொண்டுவருவார். உன்னைப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றார், பொங்கலன்று கேட்டைத் திறக்காததற்கு. டீக்கடையில் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிடு.

தாளைத் தீட்டிவிட்டேன். பெருக்கல் குறி எங்கேயும் இல்லை, தேடாதே. தீட்டத் தீட்ட நீ அனுப்பிய பென்சில் மொட்டையாகிவிட்டது. அகிலன் வேறொன்று சீவிக் கொடுத்தார்.

கேள்விகளுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். இறங்கிய பிறகு உணர்வு திரும்ப எத்தனை நிமிடம் என்று கேட்டிருந்தாய். அந்த இடத்தைக் காலியாக விட்டேன். நிமிடம் என்று போட்டிருக்கும் இடத்தில் என்ன எழுதுவது?

சாமுண்டீஸ்வரி


கெர்போ ரோடு
14 ஏப்ரல் 2024

சாமு,

சித்திரைப் பிறப்புக்குக் கடை மூடியிருக்கிறது. பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, மேஜையில் உன் குஷனையும் தாளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன வருஷம் மார்ச்சில் நீ உட்கார்ந்த அட்டையையும் எடுத்து வைத்திருக்கிறேன். அதை நான் தூக்கிப்போடவில்லை, உன் பெயர் எழுதி வைத்திருந்தேன்.

அட்டையில் இரண்டு குழியும் ஒரே ஆழம். குஷனில் அப்படி இல்லை. இடது பக்கம் நுரை நசுங்கி அப்பளமாகக் கிடக்கிறது, வலது பக்கம் புதுசு போல இருக்கிறது. நீ இத்தனை நாளும் இடது எலும்பில் மட்டும் உட்கார்ந்திருக்கிறாய். உனக்குத் தெரிந்திருந்தால் தானாகவே மாறி உட்கார்ந்திருப்பாய், எல்லாரும் அப்படித்தான், நிமிடத்துக்கு ஒரு தடவை நம்மை அறியாமல் அசைகிறோம். நீ அசையவில்லை. குஷனைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் உன் சக்கர நாற்காலியின் துணி தொய்ந்த அச்சு விழுந்திருக்கிறது. தொய்ந்த துணி ஏணைத் தொட்டில் மாதிரி உன்னை ஒரு பக்கம் சரித்திருக்கிறது. முதலில் துணிக்கு மேலே ஒரு கெட்டிப் பலகை வேண்டும். பிறகு காற்று அறைகள் உள்ள குஷன், இடது வலது தனித்தனியாகக் காற்று வைக்கிற மாதிரி. இதை முனீராவிடம் ஃபோனில் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரியில் அழுத்தம் அளக்கும் விரிப்பில் பார்த்து ஏறக்குறைய அதையே எழுதி வைத்திருக்கிறாராம். பலகையை மட்டும் அவர் யோசிக்கவில்லையாம், நல்ல யோசனை என்றார். எனக்கு அதில் பெருமை வரவில்லை.

புண் ஆறிய பிறகு நீ முதல் தடவை உட்காரும்போது ஒன்று செய்தாக வேண்டும். குஷனுக்கும் உனக்கும் நடுவே கையை விட்டு, எலும்புக்குக் கீழே ஒரு விரல் கனம் காற்று மிச்சம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அதிகம் இருந்தால் சாய்வாய், குறைந்தால் எலும்பு பலகையில் இடிக்கும். கண்ணால் தெரியாது. உன்னைக் கேட்டாலும் தெரியாது. இனிமேல் நீ நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் நான் நம்பப் போவதில்லை, என் கையைத்தான் நம்புவேன்.

முனீரா செய்யலாம். அவருக்குத் தெரியும். நான் செய்யட்டுமா என்று கேட்கிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம்.

கபிலன்


தெம்பனிஸ்
28 ஏப்ரல் 2024

அண்ணா,

புண் மூடிவிட்டது. அடுத்த ஞாயிறு அரை மணி நேரம் உட்காரலாம் என்கிறார்கள். முனீராவும் வருவார்.

வா. கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. ஆரஞ்சு கொண்டு வராதே.

சாமு


தெம்பனிஸ்
6 மே 2024

அண்ணா,

நேற்று நீ போன பிறகு அகிலன், "என்ன, அண்ணனும் தங்கச்சியும் சொந்தக் கதை ஒண்ணுமே பேசிக்கல?" என்று கேட்டார். பேச வேண்டியதையெல்லாம் ஃபார்மிலேயே பேசிவிட்டோம் என்றேன்.

கடைச் சட்டையில்தான் வந்தாய், பாக்கெட்டில் பென்சில் வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "வணக்கம்மா, ஆரம்பிக்கலாங்களா?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் நீ அழுதுவிடுவாய் என்று அடக்கிக்கொண்டேன். தாளை வைத்துக்கொண்டு ஒரு கேள்வி விடாமல் கேட்டாய். சிறுநீர் பற்றிக் கேட்டபோது உன் காது மடல் சிவந்தது, ஆனாலும் கேட்டாய். நான் சொன்னேன். அகிலன்தான் தாங்க முடியாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

பிறகு என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். நீ தரையில் மண்டியிட்டாய். "கையை வைக்கிறேன், சரியா?" என்றாய். சரி என்றேன்.

நீ எப்போது கையை விட்டாய், எப்போது எடுத்தாய் என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணா. உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் உதடு கோணியபோது கை உள்ளே போய்விட்டது என்று தெரிந்துகொண்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தபோது எடுத்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரியில் என் கால் விரலையும் உன் முகத்தில்தான் பார்த்தேன். என் உடம்பில் பாதியை இனி நான் அடுத்தவர் முகத்தில்தான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

"ஒரு விரல் கனம் இருக்கு, ரெண்டு பக்கமும் சமம்" என்று முனீராவிடம் சொன்னாய். ஃபார்மில் எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அரை மணி நேரம் ஆனதும் படுக்க வைத்துப் பார்த்தார்கள். தோலில் ஒரு சிவப்புகூட இல்லை. உன் வேலையில் நீ கெட்டிக்காரன்தான்.

ஆனால் நான் காத்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பாய், கெர்போ ரோட்டில் ஐந்து தடவை கேட்டாயே, "இப்ப எப்படி இருக்கு பாப்பா?", அதைக் கேட்பாய் என்று. அப்படிக் கூப்பிடாதே என்று நான்தான் சொல்லியிருந்தேன். என் வாயை நம்ப மாட்டேன் என்று நீயும் எழுதியிருந்தாய். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம். நீ செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்குப் போய்விட்டாய்.

ஒரு தடவை கேட்டிருக்கலாம். நான் பதில் தயாராக வைத்திருந்தேன். "தெரியலைண்ணே" என்று சொல்லியிருப்பேன். போன ஜூலையில் ஆப்பக்கடை வாசலில் உன்னிடம் சொல்ல வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறும் காற்று பார்க்க வேண்டுமாம். வா. வந்து கேள்.

பாப்பா